நான்காவது மாடியில் ஒரு நாய்

தில்லியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாய் வளர்ப்பவர்கள் இரண்டு வகை. "எங்கள் நாய் ஒன்றும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டே லிப்டுக்குள் நுழைபவர்கள் ஒரு வகை. "நீங்கள் போங்கள், நாங்கள் அடுத்ததில் வருகிறோம்" என்று ஒதுங்கி நிற்பவர்கள் இன்னொரு வகை. எண்ணிக்கையில் முதல் வகையினர்தான் அதிகம். நாயைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்தவர்கள் இரண்டாவது வகையில் இருக்கிறார்கள்.

கிழக்கு தில்லியில், பட்பர்கஞ்ச் பக்கம் ஒரு குடியிருப்பின் நான்காவது மாடியில் வசிக்கும் தமிழ்க் குடும்பம், முதல் வகையிலிருந்து இரண்டாவது வகைக்கு மாறியது 2024 ஜூலையில். கூரியர் கொண்டுவந்த பையன் ஒருவனின் பேன்ட் கிழிந்ததுதான் அதற்குக் காரணம். நல்லவேளையாகப் பல் தோலில் படவில்லை. மறுநாளே குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் நாயைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அல்லது வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். 'வேறு ஏற்பாடு' என்றால் என்ன என்று கடிதத்தில் விளக்கம் இல்லை. எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

நாயின் பெயர் பூந்தி. வெள்ளை உடம்பில் இறைத்துவிட்டாற்போல் பழுப்புப் புள்ளிகள்; அதனால் அந்தப் பெயர். ஜாதி நாய் அல்ல, தெரு நாயின் குட்டி. 2024 ஜனவரியில், எதிரே நிற்பவர் முகம் தெரியாத பனிமூட்டத்தில், ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில் தனியாக முனகிக்கொண்டிருந்ததை மகள்தான் ஸ்வெட்டருக்குள் வைத்து மேலே கொண்டுவந்தாள். ஆறு வாரம் இருக்கும் என்றார் கால்நடை மருத்துவர். தடுப்பூசிகள் முடியும்வரை தரையில் விடாதீர்கள் என்றும் சொன்னார். குடும்பம் அதற்கு ஒரு படி மேலே போய், குட்டியை வீட்டைவிட்டே வெளியே கொண்டுபோகவில்லை. பயத்தில் நியாயம் இருந்தது. 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ், தடுப்பூசி போடாத குட்டிகளைச் சில நாட்களில் கொன்றுவிடக் கூடியது. அதோடு தில்லிக் குளிர் வேறு. ஆக, ஏப்ரல் கடைசிவரை பூந்தியின் உலகம் இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு பால்கனி, நான்கு மனிதர்கள். அன்புக்குக் குறைவில்லை. பார்த்ததும் கேட்டதும்தான் குறைவு.

முதல் முறையாகக் கீழே இறங்கியபோது எல்லாமே ஒன்றாக வந்து மோதின. வாட்ச்மேனின் தடி தரையில் தட்டும் ஓசை, கேஸ் சிலிண்டரை உருட்டும் ஓசை, ஹெல்மெட் போட்ட தலை, விரிந்த குடை, தானாக மூடும் லிப்ட் கதவு, பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவின் கூவல். வால் வயிற்றுக்கு அடியில் போனது. கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டன. மே மாத வெயிலில் பகலில் வெளியே போகவே வழியில்லை. ஜூனில் காலிங் பெல் அடித்தால் போதும், கதவின் மேல் பாய ஆரம்பித்தது. பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுக் கூரியர்க்காரர் போவது அவருடைய வேலை. பூந்திக்கு அது தெரியாது. தான் குரைத்ததால்தான் ஆபத்து விலகியது என்று எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று முறை அதற்கு வெற்றி கிடைத்தது. வெற்றி தரும் வித்தையை எந்தப் பிராணியும் விடுவதில்லை.

சங்கத்தின் கடிதத்தை எதிர்க்கக் கணவரிடம் ஆயுதம் இருந்தது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை செய்யும் அவருக்கு விதிகளைத் தேடி எடுப்பது கைவந்த கலை. இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, பெரும்பான்மைத் தீர்மானம் போட்டால்கூடக் குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாய்க்குத் தடை விதிக்க முடியாது. லிப்டில் ஏற்றாதே என்றும் சொல்ல முடியாது. சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1957ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டப்படி வளர்ப்பு நாயைப் பதிவு செய்ய வேண்டும். அந்த ஜூலை முதல் தேதியில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் வசமுள்ள பிராணியால் பிறருக்கு ஆபத்து நேரும்படி அஜாக்கிரதையாக இருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்க வழி செய்கிறது. அவர் முதல் பக்கத்தை மட்டும் வைத்து ஒரு பதிலைத் தயார் செய்தார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய அம்மா. வயது 72. கணவர் காலமான பிறகு கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தில்லிக்கு வந்தவர். நாய் வீட்டுக்குள் வந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. "ஜெயிச்சுட்டு வருவே, சரி. எதிர்வீட்டுக் குழந்தை முகத்துல எப்படிடா முழிப்பே?" என்று மட்டும் கேட்டார்.

எதிர்வீட்டில் ஆறு வயதுச் சிறுவன். முந்தின வருடம் பூங்காவில் ஒரு தெரு நாய் அவன் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று கணக்கு வைத்து அவனை ஊசிக்கு அழைத்துப்போனார்கள். ரேபிஸ் வந்துவிட்டால் பிழைப்பது அரிது. உலகின் ரேபிஸ் மரணங்களில் 36 சதவீதம் இந்தியாவில் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. ஆகவே ஊசி தவிர்க்க முடியாதது. காயம் ஆறிவிட்டது. ஆனால் எதிர்க்கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்க்காமல் அவன் படியில் கால் வைப்பதில்லை. அவன் தாய் கோபமில்லாமல்தான் பேசினாள். "பாபிஜி, உங்கள் நாய் நல்ல நாயாகவே இருக்கலாம். என் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?"

பதில் கடிதம் அனுப்பப்படவில்லை. பொதுத்துறை வங்கியில் அதிகாரியாக இருக்கும் மனைவி சங்கத்திடம் மூன்று மாத அவகாசம் கேட்டார். வங்கிக்காரர் அல்லவா, பதிலுக்கு ஈடு கொடுத்தார். நாயை லிப்டில் ஏற்ற மாட்டோம். பொது இடங்களில் வாய்க்கூடு போட்டிருப்போம். காலை ஐந்தரைக்கும் இரவு பத்துக்கும்தான் கீழே வருவோம். பதிவுச் சான்றிதழ், ரேபிஸ் ஊசிச் சான்றிதழ் இரண்டின் நகலும் இணைப்பில். சங்கம் ஒப்புக்கொண்டது.

மருத்துவர் முதலில் காதையும் பல்லையும் மூட்டுகளையும் சோதித்தார். வலி இருக்கும் நாய் குணம் மாறும். பாடம் நடத்துவதற்கு முன் வைத்தியம் முடிய வேண்டும். வலி எதுவும் இல்லை. "இதற்குக் கோபம் இல்லை. பயம்தான். அடக்கப் பார்க்காதீர்கள், பழக்குங்கள்" என்றார்.

ஆங்கிலப் புத்தகங்கள் இதற்கு இரண்டு தனிச் சொற்களை வைத்திருக்கின்றன. சத்தம், வெளிச்சம், பொருள்கள் ஆகியவற்றைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கற்பதற்கு ஒன்று. பிற உயிர்களோடு சேர்ந்து வாழக் கற்பதற்கு ஒன்று. தமிழுக்கு ஒரே சொல் போதுமாக இருக்கிறது. இருட்டுக்குக் கண் பழகுகிறது. பக்கத்து வீட்டாரோடு பழகுகிறோம். இரண்டும் பழகுதல்தான். இரண்டுக்கும் காலம் வேண்டும் என்பதும், இரண்டையும் கட்டாயப்படுத்த முடியாது என்பதும் அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

நாய்க்கு அந்தக் காலம் மிகவும் குறுகியது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற ஊரில் உள்ள ஆய்வுக்கூடத்தில் ஸ்காட், புல்லர் என்ற இரு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளைக் கவனித்து 1965இல் பெரிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார்கள். குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டாவது வாரம்வரை எதைப் பார்க்கிறதோ, கேட்கிறதோ, அதையெல்லாம் உலகத்தின் இயல்பு என்று ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு புதிதாக வருவது எதுவும் முதலில் சந்தேகத்துக்கு உரியது. அதே ஆய்வுக்கூடத்திலிருந்து 1961இல் வெளியான சோதனை இன்னும் கடுமையானது. வேலியிட்ட வயலில் மனித வாசனையே இல்லாமல் குட்டிகளை வளர்த்தார்கள். பதினான்கு வாரம்வரை மனிதரோடு பழகாத குட்டிகள் காட்டு விலங்கைப் போலவே நடந்துகொண்டன.

பூந்தியின் கதவு அடைபட்டிருந்த மாதங்கள் சரியாக அவைதான். தடுப்பூசியும் வேண்டும், உலகமும் வேண்டும் என்றால் என்ன செய்வது? பிராணிகளின் நடத்தையை ஆராயும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2008இல் இதற்கு விடை சொன்னது: முழு தடுப்பூசிக்கும் காத்திருக்க வேண்டாம், முதல் ஊசி போட்ட சில நாட்களிலேயே பாதுகாப்பான முறையில் உலகத்தைக் காட்டத் தொடங்குங்கள். தரையில் விடத் தேவையில்லை. தோளில் போட்டுக்கொண்டோ கூடையில் வைத்துக்கொண்டோ கடைத்தெரு வரை போய் வந்தால் போதும். ஸ்கூட்டர், சைக்கிள், தாடி வைத்தவர், பர்தா அணிந்தவர், கைத்தடி ஊன்றுபவர், ஓடுகிற குழந்தை, பேண்டு வாத்தியம் எல்லாவற்றையும் பத்திரமான இடத்திலிருந்து பார்த்துவிட்ட குட்டிக்குப் பிற்பாடு பாதித் தொல்லை இல்லை.

மாமியாருக்கு இது வேடிக்கையாக இருந்தது. "எங்க ஊர் நாய்க்கெல்லாம் யாரு பாடம் எடுத்தா? தபால்காரர் வருவார், பால்காரர் வருவார், சாமி புறப்பாடு வரும், வேட்டுப் போடுவா. அது பாட்டுக்குத் திண்ணைக்குக் கீழே படுத்துண்டிருக்கும்" என்றார். அவர் சொன்னதும் மெய்ன் மாநிலத்து விஞ்ஞானிகள் சொன்னதும் ஒன்றேதான். கிராமத்து நாய் மூன்றாவது வாரத்திலேயே தெருவுக்கு வந்துவிடுகிறது. தெருவே அதன் பள்ளிக்கூடம். பயப்பட்டால் விலகிப் போக அதற்கு இடமும் இருக்கிறது. நான்காவது மாடியில் இந்த இரண்டும் இல்லை.

பருவம் தவறிவிட்டால் பயிர் இல்லை என்று அர்த்தமல்ல. விளைச்சல் மெதுவாக வரும். ஜூலை கடைசியில் வேலை ஆரம்பமானது. காலிங் பெல்லின் ஓசையைச் செல்போனில் பதிவு செய்து, காதில் விழுந்தும் விழாத அளவில் ஒலிக்க விட்டார்கள். ஒலித்தவுடன் ஒரு துண்டு பன்னீர். அசைவம் சமைக்காத வீட்டில் நாய்க்கு லஞ்சம் கொடுக்க வேறு வழி இல்லை. திராட்சை, சாக்லேட், வெங்காயம் மூன்றும் நாய்க்கு விஷம் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். மூன்று நாளைக்கு ஒரு முறை ஓசையைக் கொஞ்சம் கூட்டினார்கள். பூந்தி எழுந்து நின்றாலோ காதை நிமிர்த்தி உறைந்தாலோ மறுபடி குறைத்தார்கள். ரஷ்யாவில் பாவ்லோவ் நாய்களுக்கு ஓசையையும் உணவையும் சேர்த்துக் கொடுத்து, ஓசை கேட்டாலே எச்சில் ஊற வைத்தது நூறு ஆண்டுக்கு முந்தைய கதை. பட்பர்கஞ்சில் அதே வித்தை குரைப்புக்குப் பதிலாக எச்சிலைக் கொண்டுவரப் பயன்பட்டது.

அடுத்த படி, பெல் அடித்தால் எங்கே போவது என்று கற்றுக்கொடுப்பது. ஊரிலிருந்து கொண்டுவந்து கிழிந்துபோயிருந்த கோரைப்பாயில் பாதியை மாமியாரே அறுத்துக் கொடுத்தார். கூடத்தின் மூலையில் அது விரிக்கப்பட்டது. பெல் அடித்தால் பன்னீர் பாயில்தான் கிடைக்கும். "குரைக்காதே" என்பது நாய்க்குப் புரியாத கட்டளை. "பாயில் போய்ப் படு" என்பது புரியும். செய்யக் கூடாததைச் சொல்வதைவிடச் செய்ய வேண்டியதைச் சொல்வது சுலபம் என்பதைக் குழந்தை வளர்த்தவர்களும் அறிவார்கள்.

கீழே, பாடம் தூரத்தில்தான் இருந்தது. வாட்ச்மேனின் தடியை ஐம்பது அடியில் பார்த்தால் பூந்தி நின்று கவனித்தது; முப்பது அடியில் நடுங்கியது. நடுங்கும் நாய் எதையும் கற்றுக்கொள்ளாது, பன்னீரைக்கூட வாங்காது. ஆகவே ஐம்பது அடியில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று அடி என்று நெருங்கினார்கள். வாய்க்கூட்டுக்கும் இதே முறைதான். முதலில் அதற்குள் பன்னீரை வைத்து நீட்டினார்கள். வாரைக் கட்டியது பத்து நாள் கழித்து. நாய் வாயைத் திறந்து இரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் தரும் கூடை மாதிரியையே வாங்கச் சொன்னார் மருத்துவர். வாயை இறுக்கிக் கட்டும் வகை தில்லி வெயிலில் நாயைக் கொன்றுவிடும்.

இந்த நாட்களில்தான் ஒரு விசித்திரம் தெரிந்தது. பூந்தி முதலில் நிம்மதியாகத் தூங்கியது நாயை வெறுத்த மாமியாரின் நாற்காலிக்கு அடியில். காரணத்தை மருத்துவர் விளக்கினார். வீட்டில் மற்ற மூவரும் அதன் கண்ணைப் பார்த்தார்கள், பெயர் சொல்லி அழைத்தார்கள், தலையைத் தடவக் குனிந்தார்கள். பயந்த நாய்க்கு இவை மூன்றும் மிரட்டல். மாமியார் அதைப் பார்ப்பதில்லை, தொடுவதில்லை, கூப்பிடுவதில்லை. மடி ஆசாரத்துக்காக அவர் காத்த தூரம் நாய்க்கு மரியாதையாகப் பட்டது. புது நாயிடம் எப்படி நடந்துகொள்வது என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடம் அதுவே: முறைக்காதே, கை நீட்டாதே, குனியாதே, அது வரட்டும்.

செப்டம்பரில் ஒரு சறுக்கல். இரண்டாவது மாடிச் சிறுமி ஒருத்தி ஆசையில் ஓடிவந்து பூந்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வாய்க்கூடு இருந்ததால் ஆபத்தில்லை. ஆனால் பூந்தி உறுமியது. கணவர் வாரை இழுத்து முதுகில் ஓர் அடி வைத்தார். மருத்துவர் கேள்விப்பட்டுக் கடிந்துகொண்டார். உறுமல் ஒரு நாயின் நாகரிகம் என்றார் அவர். 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்று கடிக்காமல் சொல்ல அதற்கு இருக்கும் வழி அது. அதற்கும் முன்னால் உதட்டை நக்கும், தூக்கமில்லாமல் கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக் கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், உடலை விறைக்கும். இவற்றை யாரும் கவனிக்காதபோதுதான் உறுமுகிறது. உறுமியதற்கு அடி வாங்கிய நாயின் பயம் போவதில்லை; உறுமல்தான் போகிறது. அடுத்த முறை அறிவிப்பில்லாமல் கடிக்கும். "ஒன்றும் செய்யாமல் திடீரென்று கடித்துவிட்டது" என்று சொல்லப்படும் சம்பவங்களில் பலவற்றின் கதை இதுதான்.

மகாபாரதத்தின் கடைசியில் தருமனோடு நடக்கும் நாயை எல்லோருக்கும் தெரியும். ஆதி பருவத்திலும் ஒரு நாய்க்குட்டி வருகிறது. ஜனமேஜயனின் வேள்வி நடக்கும் இடத்துக்கு வந்த அந்தக் குட்டி ஹவிஸை நக்கவில்லை, பார்க்கக்கூட இல்லை. இருந்தும் அவன் தம்பிமார்கள் அதை அடித்துத் துரத்துகிறார்கள். தாய் சரமை வந்து நியாயம் கேட்கிறாள். பதில் இல்லை. குற்றம் செய்யாததை அடித்ததால், கண்ணுக்குத் தெரியாத பயம் உங்களைத் தேடி வரும் என்று சபித்துவிட்டுப் போகிறாள். நாயின் பயம் மனிதனின் பயமாகத் திரும்பி வரும் என்பதை அந்தக் கதை எப்போதோ சொல்லிவிட்டது.

மாடிப்படியில் திரும்பி வந்த பயம் ஆறு வயதுச் சிறுவனுடையது. நாயைப் பழக்கினால் மட்டும் போதாது, அவனும் பழக வேண்டும் என்று முதலில் சொன்னது அவன் தாய்தான். இதற்கும் ஒரு முன்னோடி உண்டு. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு அலறும் பீட்டர் என்ற சின்னக் குழந்தையின் பயத்தைத் தீர்த்த விதத்தை எழுதி வெளியிட்டார். குழந்தை தனக்குப் பிடித்ததைச் சாப்பிடும்போது முயலை அறையின் மறு கோடியில் வைப்பது. அவன் கலங்காதவரை நாளுக்கு நாள் நெருங்கி வருவது. கடைசியில் குழந்தை முயலைத் தடவியது. பூந்திக்கு நடந்த வைத்தியமும் இதே வைத்தியம்தான். இங்கே சிறுவனுக்கு நாய் முயல். நாய்க்குச் சிறுவன் முயல்.

செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இருவரையும் பூங்காவுக்கு அழைத்துப்போனார்கள். ஒரு கோடி பெஞ்சில் சிறுவன் ஐஸ்கிரீமோடு. மறு கோடியில் கோரைப்பாயில் பூந்தி பன்னீரோடு. பத்து நிமிடம். அவ்வளவுதான். எப்போது நிறுத்துவது என்று சொல்லும் உரிமை சிறுவனுக்குத் தரப்பட்டது. இரண்டாவது வாரம் மூன்றே நிமிடத்தில் 'போதும்' என்றான். உடனே எழுந்துவிட்டார்கள். சொன்னால் நிறுத்துவார்கள் என்று தெரிந்த பிறகு அவன் அடிக்கடி சொல்லவில்லை.

தீபாவளி அந்த ஆண்டு அக்டோபர் 31இல் வந்தது. தில்லியில் பட்டாசுக்குத் தடை இருந்தது, சத்தத்துக்கு இல்லை. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கேட்கும். நாயின் காதுக்கு 45,000 வரை எட்டும். மாலையிலேயே நடையை முடித்துவிட்டு, ஜன்னலில்லாத குளியலறையில் பாயை விரித்து, பேனையும் ரேடியோவையும் போட்டுவிட்டார்கள். முதல் சரவெடிக்கே பூந்தி நடுங்க ஆரம்பித்தது. பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது தவறு. பயம் ஒரு தந்திரம் அல்ல, ஆறுதல் கொடுத்தால் வளர்வதற்கு. மாமியார் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து சஹஸ்ரநாமத்தை முணுமுணுத்தார். ஒன்பது மணி வாக்கில் பூந்தி அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்தது. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு எப்படியும் குளிக்கத்தானே போறேன்" என்றார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். பெல் அடித்தது. பூந்தி ஒரே ஒரு முறை குரைத்துவிட்டுப் பாயில் போய்ப் படுத்தது. அவர் தேநீர் குடித்துவிட்டுப் போனார். கடிதம் திரும்பப் பெறப்படவில்லை. யாரும் அதை நினைவூட்டவும் இல்லை.

நாய்கள் பற்றிய விவாதம் அதன் பிறகு தில்லியில் இன்னும் சூடாகிவிட்டது. 2025 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தலைநகர் வட்டாரத்தின் தெரு நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து, ஊசி போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறி பிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது என்றது. குடியிருப்புகளில் மக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். நாய்ப் பிரியர்களுக்குக் கடிபட்ட குழந்தை கண்ணில் படவில்லை. எதிர்த்தரப்புக்கு அடிபட்ட நாய் கண்ணில் படவில்லை. வளர்ப்பு நாய் வைத்திருப்பவர் இந்தச் சண்டையில் செய்யக்கூடிய உருப்படியான காரியம் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டார் பயப்படாத நாயாக அதை வளர்ப்பது.

பயப்படாத நாய் என்றால் எல்லோரிடமும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் நாய் அல்ல. பார்ப்பவர் எல்லாம் தடவிப் பார்க்க நாய் பொதுச் சொத்தும் அல்ல. மனிதர்களை, சைக்கிளை, பிற நாய்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் கடந்து போவதுதான் பழகிய நாயின் அடையாளம். பூந்தி இன்னும் அந்த இடத்துக்கு முழுதாக வந்துவிடவில்லை. ஹெல்மெட்டைக் கண்டால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. லிப்டில் அது ஏறுவதில்லை. நான்கு மாடியையும் குடும்பம் நடந்தே இறங்குகிறது. கணவரின் தொந்தி குறைந்தது உபரி லாபம்.

2025 ஜனவரியில் ஒரு காலை, சிறுவன் பள்ளிக்கூடப் பையோடு இறங்கிக்கொண்டிருந்தான். நடை முடிந்து பூந்தி ஏறி வந்துகொண்டிருந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். வங்கி அதிகாரி பூந்தியைச் சுவர் ஓரமாக உட்கார வைத்தார். சிறுவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எதிர்ச் சுவர் ஓரமாக, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனான். பூந்தி கொட்டாவி விட்டது. அது தூக்கக் கலக்கமா பயமா என்று சொல்ல முடியாது. வேறு எதுவும் நடக்கவில்லை. அன்று சாயங்காலம் இரண்டு வீட்டிலும் இதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

பன்னீர் டப்பா இன்னும் வாசல் கதவுக்குப் பக்கத்து அலமாரியில்தான் இருக்கிறது. தீர்ந்தால் வாங்கிவரச் சொல்வது மாமியார்.